பி27 பாசிட்டிவ்... அடுத்து என்ன?

நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்குவதால் வருபவை ஆட்டோ இம்யூன் நோய்கள். அவை ஏன் ஒருவரை விட்டு இன்னொருவரைப் பிடிக்கின்றன? இதில் மரபணுவின் பங்கை முதன்முதலில் பளிச்சென்று காட்டியது, முதுகெலும்பை இறுக்கும் மூட்டுவாதமான ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.

1973ல் லண்டனில் டெரிக் புரூவர்டன் குழுவினர் இந்த நோயாளிகள் 75 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வகை இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சோதித்த மற்ற 75 பேரில் மூவரிடம் மட்டுமே இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பால் டெராசாகியின் குழுவும் இதையே கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைக்கப்பட்டவர் டெராசாகி. உறுப்பு மாற்று சிகிச்சைக்கான திசுப் பொருத்தச் சோதனையை 1964ல் உருவாக்கியவரும் அவரே. மருத்துவ வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர்களில் ஒன்று.

இந்த 72ஐப் பார்த்துத்தான் பலரும் பயந்துவிடுகிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பி27 இருக்கிறது என்பது உண்மை. ஆனால், பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஐரோப்பியர்களில் 100க்கு சுமார் எட்டுப் பேரிடம் இந்த மரபணு இருக்கிறது. அந்த எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட நோய் வராமல் போவதே வழக்கம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். அப்போதும் அது உறுதியல்ல.

இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலை, செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்டுவது. அதைப் பார்த்துத்தான் டி செல்கள் நண்பனா, பகைவனா என்று முடிவு செய்கின்றன. பி27இலும் பல உட்பிரிவுகள் உண்டு. இத்தாலியின் சார்டீனியா தீவில் 27:05 உள்ளவர்களுக்கு நோய் வருகிறது. 27:09 உள்ளவர்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம்தான்! 116ஆவது இடத்தில் முன்னதில் ஆஸ்பார்ட்டிக் அமிலம், பின்னதில் ஹிஸ்டிடின். துணுக்கு உட்காரும் பள்ளத்தின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த இடம். துணுக்குகளை அளவாக நறுக்கித் தரும் ஈராப்1 என்ற நொதியின் மரபணு மாறுபாடும் நோய் வாய்ப்பைக் கூட்டிக் குறைப்பதாக 2007ல் தெரியவந்தது.

பி27ஐக் கெட்ட மரபணு என்றும் ஒதுக்கிவிட முடியாது. அது உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸாக முற்றுவது தாமதமாகிறது.

ஆகவே, ரிப்போர்ட்டை விட உடம்பு சொல்வதைக் கவனியுங்கள். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி. பின்னிரவில் எழுப்பிவிடும் வலி. காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாத இறுக்கம், நடமாடினால் தணிந்து, ஓய்வெடுத்தால் கூடுவது. இவை இருந்தால் வலி மாத்திரையோடு ஆண்டுகளை ஓட்டாமல் வாதநோய் நிபுணரைப் பாருங்கள். முதுகெலும்பு ஒட்டிக்கொண்ட பிறகு அதைப் பிரிக்க மருந்து இல்லை. அதற்கு முன் கட்டுப்படுத்த மருந்தும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளை பி27 சோதனைக்கு அழைத்துப் போகாதீர்கள்.