கழுத்துத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள்

1990களில் வன்னிக்கு மின்சாரம் இல்லை. பற்றரி அரசின் தடைப்பட்டியலில் இருந்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் டைனமோவில் ஓடும் வானொலியைச் சுற்றியிருந்து செய்தி கேட்ட காலம் அது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் முரசுமோட்டையிலோ தருமபுரத்திலோ வயது நாற்பதைத் தாண்டிய எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான். ஒன்றுக்கு முன்னால் மற்றது அசைந்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த விதி இது. அதே காந்தமும் அதே செப்புச் சுருளும் பேஸ் கிற்றாரின் தந்திகளுக்குக் கீழேயும் இருக்கின்றன. பிக்கப் என்று அதைச் சொல்வார்கள். கோயில் திருவிழா மேடையில் பாட்டுக்கு அடியில் நின்று நெஞ்சை அதிரவைக்கும் அந்தத் தாழ்ந்த ஒலி ஒரு சின்ன டைனமோவில்தான் பிறக்கிறது. பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும், ஒலிபெருக்கிக்கும் வேண்டும். பழைய பேஸ் கிற்றாருக்கோ பற்றரி எதுவும் தேவையில்லை. தந்தியைச் சுண்டும் விரலே அதன் மின்சாரம்.

பிக்கப்பில் சுற்றப்படும் கம்பியின் தடிப்பு சுமார் 0.06 மில்லிமீற்றர். அதை ஏறத்தாழ பத்தாயிரம் சுற்று சுற்றுகிறார்கள். மேலே உள்ள தந்தி உருக்கு என்பதால் கீழேயிருக்கும் காந்தம் அதையும் சிறிது காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. தந்தி செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறை மின்னோட்டமும் முன்னும் பின்னுமாக ஓடும். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41.2 முறை அதிரும். அடுத்தது 55 முறை, அதற்கடுத்தது 73.4, கடைசித் தந்தி 98. இந்த எண்களைத் தீர்மானிப்பவை மூன்றே: தந்தியின் நீளம், அதன் எடை, அதை எவ்வளவு இறுக்கியிருக்கிறோம் என்பது.

கிற்றாரின் தலையில் எழுதியிருக்கும் பெயருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அமெரிக்கக் கருவிகளைப் பார்த்துச் செய்த ஜப்பானிய நகல் பேஸ்களின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீற்றர், என்று அவர் வகுத்தார். வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் பதித்த கழுத்து. ஆளுயர டபிள் பேஸைத் தூக்கித் திரிய வேண்டிய தேவை அதோடு தீர்ந்தது. 1957இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் எதிரெதிராகச் சுற்றி, காந்தங்களையும் எதிரெதிராக வைத்தார். சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் இரு பாதியிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் சேர்ந்து வரும். நம் நாட்டில் இது எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள்: இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுவது. தடித்த தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் வரும் சுரம் 49. இரைச்சலும் சுரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. பிளந்த பிக்கப் இல்லாவிட்டால் எது பாட்டு, எது இரைச்சல் என்று காதுக்குப் பிரித்தறியக் கடினம். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் இரண்டு தனிப் பிக்கப்களோடு வந்தது.

34 அங்குலத்தை யாரும் அளக்கலாம். தந்திகள் உடலில் தங்கும் பாலத்திலிருந்து பிக்கப் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஒரு அடிமட்டம் சொல்லிவிடும். சுருளில் எத்தனை சுற்று என்பதைப் பொறுமையுள்ள ஒருவர் எண்ணிவிடலாம். ஒலியைத் தீர்மானிக்கும் பெரும்பகுதி இப்படி அளவுகளில் அடங்கியிருந்ததால்தான் ஜப்பானியர்களால் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது.

1965 ஜனவரியில் அமெரிக்காவின் வென்சர்ஸ் குழு ஜப்பானில் வாசித்துவிட்டுப் போனபின் அங்கே மின் கிற்றார் மோகம் பிடித்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தணிந்தது. பல தொழிற்சாலைகள் மூடின. மிஞ்சியவை ஏற்றுமதியை நம்பின. 1970 தொடங்கி பெண்டர், கிப்சன், ரிக்கன்பாக்கர் ஆகிய கருவிகளின் நகல்கள் கப்பல் கப்பலாக வெளியேறின. இதன் மையம் தோக்கியோ அல்ல. மலைகள் சூழ்ந்த, ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் உள்ள மாட்சுமோட்டோ என்ற ஊர். தளபாடத் தச்சுக்குப் பேர்போன இடம். காற்று உலர்ந்திருப்பதால் மரம் அங்கே நன்றாகக் காயும். 1960இல் தொடங்கிய புஜிஜென் அங்கேதான் இருக்கிறது. ஐபனெஸ் என்ற பெயரிலும் கிரெக்கோ என்ற பெயரிலும் விற்கப்பட்ட பேஸ்களில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை. அதே ஊரில் மாட்சுமோக்கு என்ற இன்னொரு தொழிற்சாலை இருந்தது. ஏரியா, வன்ரேஜ், வெஸ்ற்றோன் என்று பல பெயர்களுக்கு அது கிற்றார் செய்து கொடுத்தது. அது முதலில் செய்தது என்ன தெரியுமா? சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி. நம் வீடுகளில் அம்மாமாரின் சொத்தாக இருந்த அதே சிங்கர்தான். 1987இல் மாட்சுமோக்கு மூடப்பட்டது.

ஒரே பட்டறையில் செய்த பேஸ் ஐந்தாறு பெயர்களில் போயிருக்கிறது. தலையில் உள்ள பெயர் பெரும்பாலும் இறக்குமதி செய்த வியாபாரியின் பெயர்; செய்தவரின் பெயர் அல்ல.

இலங்கையில் 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானியப் பொருட்கள் கொட்டின. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைத் தமிழில் பரவச் செய்து முடித்திருந்த நேரம். மேடை இசைக்குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், பிறகு ரஹ்மானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸும் வாசித்த பேஸ் வரிகளை நம் பொடியன்கள் கசெற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டுப் பிடித்தார்கள். அமெரிக்கப் பெண்டர் ஒன்று வாங்குவது அவர்களுக்கு எட்டாத காரியம். எட்டியது நகல்.

நகல் என்றதும் இளப்பமாகப் பார்க்கத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்தவற்றில் குறை நிறையத்தான் இருந்தது: ஒட்டுப்பலகை உடல், சற்றுப் பிசகிய வளைவுகள். பத்தாண்டின் முடிவுக்குள் நிலை மாறிவிட்டது. ஹமாமட்சு நகரின் தோக்காய் நிறுவனமும் கிரெக்கோவும் 1950கள், 60களின் பெண்டர்களை நூல் பிசகாமல் திருப்பிச் செய்தன. அதே காலத்தில் அமெரிக்கப் பெண்டர், 1965இல் சீ.பீ.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனபின், தரம் சரிந்து பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. முடிவில் 1982இல் பெண்டரே ஜப்பானில் ஒரு நிறுவனம் தொடங்கி, நகல் செய்துவந்த புஜிஜென்னிடமே தன் கிற்றார்களைச் செய்யக் கொடுத்தது. நகலின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எவரும் கொடுக்க முடியாது.

சேகரிப்பவர்களிடையே ‘வழக்குக் காலத்து’ நகல் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். நடந்தது இவ்வளவுதான்: கிப்சனின் தாய் நிறுவனமான நோர்லின், 1977 ஜூன் 28ஆம் திகதி, ஐபனெஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மேல் பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. புகார் கிற்றாரின் தலையின் மேல்விளிம்பு வடிவத்தைப் பற்றியது. ஐபனெஸ் அந்த வடிவத்தை அதற்கு முன்பே மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. பெண்டர் அதில் ஒரு கட்சியே இல்லை. ஆகவே பெண்டர் வடிவத்தில் உள்ள ஒரு பேஸை ‘வழக்குக் காலம்’ என்று சொல்லி யாராவது விற்றால், அந்தச் சொல்லுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். பெண்டர் தன் உடல் வடிவங்களை வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டபோது அமெரிக்க அதிகாரசபை 2009இல் மறுத்துவிட்டது. பிரிசிஷன் பேஸின் உருவமும் அதில் அடக்கம். அத்தனை பேர் அதே வடிவத்தைச் செய்துவிட்டதால் அது பொதுச்சொத்தாகிவிட்டது என்பது காரணம்.

அப்படியானால் கையில் உள்ள பேஸ் எது என்று அறிவது எப்படி? தலையை விட்டுவிட்டு உடலைப் படிக்க வேண்டும்.

முதலில் பின்புறம். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் நான்கு திருகாணிகளோடு ஒரு இரும்புத் தகடு இருக்கும். தொடர் எண் இருந்தால் பெரும்பாலும் அதில்தான். 1975 நடுப்பகுதிக்குப் பிந்திய ஐபனெஸாக இருந்தால் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். எழுத்து மாதத்தைக் காட்டும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. சீ என்ற எழுத்தும் அதன்பின் 77உம் வந்தால் அது 1977 மார்ச்சில் செய்தது. 1980களின் தொடக்கத்து ஜப்பானியப் பெண்டர் என்றால் ஜே.வி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அதற்கும் முந்திய மலிவு நகல்களில் எண்ணே இருக்காது; ‘மேட் இன் ஜப்பான்’ என்பது கடதாசி ஒட்டியாக இருந்து எப்போதோ உரிந்துபோயிருக்கும்.

எண் இல்லாவிட்டால் தகட்டைக் கழற்றுங்கள். அதற்கு முன் தந்திகளைத் தளர்த்திவிட வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. கழுத்து வந்ததும் அது பொருந்தியிருந்த குழியைப் பாருங்கள். வர்ணம் மெலிந்த அந்த இடத்தில் மரம் தன்னைக் காட்டும். குறுக்காகக் கோடு கோடாகப் படைகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை, அநேகமாக 70களின் தொடக்கம். படைகள் இல்லாமல் ஆஷ் மரம்போன்ற அகன்ற இழை ஓடினால் அது சென் என்ற மரமாக இருக்கலாம். ஜப்பானியர் ஆஷுக்குப் பதிலாகப் பாவித்த தங்கள் நாட்டு மரம் அது.

பிறகு முன்தகடு. அதற்கடியில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பொட்டுகள் இருக்கும். அமெரிக்கப் பொட்டின் தண்டு பெரும்பாலும் 6.35 மில்லிமீற்றர், ஜப்பானியத் தண்டு 6 மில்லிமீற்றர். ஒன்றின் குமிழ் மற்றதில் சரியாக உட்காராது. அமெரிக்கப் பொட்டின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தால் அது சீ.ரீ.எஸ். தயாரிப்பு, கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 1377432 என்றால் 1974இன் 32ஆம் வாரம். தலையில் பெண்டர் என்று எழுதியிருந்து உள்ளே எல்லாம் மெட்ரிக் அளவில் இருந்தால், யாரோ பின்னாளில் ஒட்டிய பெயர் அது என்று சந்தேகிக்கலாம். ஜப்பான் உட்பட அமெரிக்காவுக்கு வெளியே செய்த பெண்டர்களுக்கு இது பொருந்தாது.

பிக்கப்பின் அடியையும் பாருங்கள். சில நகல்களில் தந்திக்குக் கீழே தெரியும் உருளைகள் வெறும் இரும்பு. அவற்றின் அடியில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கும். மேலான நகல்களில் உருளைகளே காந்தம். ஒலியில் இந்த வேறுபாடு கேட்கும். ஆனால் முதல் வகையைக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதன் கரகரப்பை விரும்பித் தேடுகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

வன்னியில் இப்படி ஒன்று கிடைத்தால் அது பட்ட பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2009 ஜனவரியில் போர்முனை பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே கிழக்கே நகர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏறியது நெல்லும் பாத்திரமும் தறப்பாளும்தான்; கிற்றாருக்கு இடம் கடைசியில். தப்பியவற்றைக் கறையானும் 2018 டிசம்பர் வெள்ளமும் தேடி வந்தன. நீர் பட்ட ஒட்டுப்பலகை பசை விட்டுப் பிரியும். செப்புக் கம்பி பச்சை பிடித்து எங்கோ ஓரிடத்தில் அறும். ஆனாலும் ஊமையாகிவிட்ட பேஸைச் செத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். மல்ரிமீற்றரை பிக்கப்பின் இரு முனைகளிலும் வையுங்கள். பிரிசிஷன் வகையில் 10 கிலோ ஓம் அளவில் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. கோளாறு வேறெங்கோ, அநேகமாக ஈயப் பற்று விட்ட ஒரு வயரில். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அதையும் புதிதாகச் சுற்றலாம். நீரிறைக்கும் மோட்டரைச் சுற்றத் தெரிந்தவர்கள் வயல் பிரதேசமெங்கும் இருக்கிறார்கள். இந்தக் கம்பி அதைவிட மிக மெல்லியது, அவ்வளவுதான். வேலையின் அடிப்படை ஒன்றே.

உங்கள் வீட்டுப் பரணிலோ கோயில் களஞ்சிய அறையிலோ பெயர் அழிந்த ஒரு பேஸ் கிடந்தால் எனக்கு உங்களிடம் ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும்தான். அதை யார் வாசித்தார்கள், எந்தக் குழுவில், எந்தத் திருவிழாவில்? கேட்டு எழுதி வையுங்கள். அந்த விவரம் எந்தத் தொடர் எண்ணிலும் இல்லை. புது வர்ணம் பூசாதீர்கள், பழைய திருகாணிகளை வீசாதீர்கள். கழற்றியதை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஒரு தாளில் குறித்து, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பிறகு நான்கு புதுத் தந்தி வாங்கிப் போட்டு, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.