முதுகெலும்பு இழுவைச் சிகிச்சை: இரவைக் கடப்பது எப்படி?

செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து கழுத்தெலும்பு விலகியவரை, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சைக்கு முன் ‘டிராக்‌ஷன்’ எனும் இழுவைச் சிகிச்சை தருவார்கள். காதுக்குச் சற்று மேலே இரு பக்கமும் இடுக்கியின் ஊசிகள் மண்டையோட்டில் பதிந்திருக்கும். அதிலிருந்து ஒரு கயிறு கப்பி வழியாகப் போகும். அதன் நுனியில் எடை தொங்கும். பார்க்கப் போகும் உறவினருக்கு வயிறு கலங்கிவிடும்.

“ராத்திரி கொஞ்ச நேரமாவது தூங்கட்டுமே” என்ற பரிதாபத்தில் எடையைக் கையால் தாங்கிப் பிடிப்பது, தலைக்குக் கீழே தலையணை சொருகுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எடை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. விலகிய எலும்பை நேர்வரிசைக்குக் கொண்டுவந்து, தண்டுவடம் மேலும் நசுங்காமல் காப்பது அதுதான். எடை தரையிலோ கட்டிலிலோ இடிக்கக் கூடாது. கயிற்றின் மேல் போர்வை கிடக்கக் கூடாது. நோயாளியின் உடல் மெல்ல மேலே நகர்ந்து தலை கப்பியை நெருங்கினால், நீங்களே இழுத்துவிடாமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

எடையைத் தொடாமலே தூக்கத்துக்கு வழி செய்யலாம். முதலில் வலி. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மாத்திரை கேட்டால் அது அடங்க நேரமாகும். இரவு மருந்தைத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்பே தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். பலர் ‘தொந்தரவு தரக் கூடாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். அது பொறுமையல்ல, வீண் வேதனை.

அடுத்தது தோல். அசையாமல் கிடப்பவருக்குப் பின்தலை, பிட்டம், குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் வரும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பலர் சேர்ந்து, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கட்டையாக இருக்கும்படி அவரைத் திருப்புகிறார்கள். ‘தூங்குறவரை எழுப்புறாங்களே’ என்று கோபப்பட வேண்டாம். விரிப்பின் சுருக்கத்தை நீக்குவது, வியர்வையைத் துடைப்பது போன்றவற்றைத் தாதியரிடம் கேட்டு உறவினரே செய்யலாம்.

மல்லாந்து கிடப்பவருக்குத் தெரிவதெல்லாம் கூரையும் காற்றாடியும்தான். பகல் முழுக்கக் கண்ணயர்ந்தால் இரவு கொட்டக் கொட்ட விழிப்பார். பகலில் பேச்சுக் கொடுங்கள், வானொலி போடுங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். மைலோவே ஆனாலும் விழுங்கலாம் என்று தாதி சொன்ன பிறகே கொடுங்கள். படுத்தபடி குடித்தால் புரையேறும்.

கையில் புதிதாக மரமரப்பு, பிடி தளர்வது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, மூச்சுத் திணறல், ஊசி பதிந்த இடத்தில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம், இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இடுப்பு வலிக்கு ஃபிசியோவில் அரை மணி நேரம் இழுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது வேறு. சாதாரண இடுப்பு வலிக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்றே 2013-இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு உத்தரத்தில் கயிறு கட்டி இழுத்துப் பார்க்க வேண்டாம்.

நடு இரவில் தூக்கத்தைக் கெடுப்பது வலி மட்டுமல்ல, சம்பளக் கவலையும்தான். பெர்கேசோ சந்தா உள்ள தொழிலாளி வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டு, குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு பெற்றிருந்தால், சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்ட அலுவலகத்தில் பாரம் கொடுக்கும் வேலையைக் குடும்பத்தில் ஒருவர் எடுத்துக்கொண்டு, முடிந்ததும் அவர் காதில் போட்டு வையுங்கள்.