பூட்டிய அலுமாரியைத் திறந்த நூலகர்



பரீட்சைப் பெறுபேறு வெளிவந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இன்று நாம் என்ன செய்கிறோம்? கையடக்கத் தொலைபேசியில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, பிள்ளையின் சுட்டெண்ணைப் பதிகிறோம். மறுகணம் பெறுபேறு கண்முன்னே நிற்கிறது. எத்தனையோ பிள்ளைகளின் விபரங்கள் அங்கே குவிந்திருக்க, நம் பிள்ளையினுடையது மட்டும் எப்படி வந்து சேர்கிறது? இந்த வழி பிறந்த கதையில் ஒரு நூலகப் பெண்மணிக்கும் பங்குண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்லாக் என்ற பௌதிகவியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகளும் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் விபரங்களை அதன் நூலகம் 1970களிலிருந்தே ஒரு பெரிய கணனியில் பதிந்து வந்தது. ஸ்பயர்ஸ் என்பது அத்தொகுப்பின் பெயர். எழுதியவர் யார், தலைப்பு என்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதற்கெனத் தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றைப் பழகியவரே தேட முடியும். தூர நாட்டிலிருப்பவர் மின்னஞ்சலில் கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பொக்கிஷம் இருந்தது, சாவி ஒரு சிலரிடமே இருந்தது.

ஜெனீவாவில் கண்ட புதுமை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பேர்னர்ஸ் லீ என்பவர் 1989இல் உலகளாவிய வலைக்கான யோசனையை முன்வைத்தார். 1991 செப்டெம்பரில் ஸ்லாக்கின் விஞ்ஞானி போல் குன்ஸ் அங்கு சென்றபோது, பேர்னர்ஸ் லீ தமது வலையை அவருக்குக் காட்டினார். முதலில் குன்ஸுக்கு அதில் நாட்டம் ஏற்படவில்லை. ஆனால், அதன் வழியாகப் பெரிய கணனியொன்றிலுள்ள தரவுகளையும் கேட்டுப் பெறலாம் என்று கண்டதும் அவருக்கு ஸ்பயர்ஸ் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியவர் நூலகர் லூயிஸ் அடிஸிடம் இதைச் சொன்னார். நூலகத்தைத் தேடி வருவோரின் சிரமம் அறிந்த அந்த அம்மையார் இதன் பெறுமதியை உடனே உணர்ந்து, வேலையை ஊக்கப்படுத்தினார். 1991 டிசம்பர் 12ஆம் திகதி ஸ்லாக்கின் சேவை இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே அமைந்த முதலாவது வலைச் சேவை இதுவே.

இது இயங்கும் விதம்

புடைவைக் கடையை எண்ணிப் பாருங்கள். நாம் களஞ்சிய அறைக்குள் நுழைவதில்லை. கேட்டதை விற்பனையாளர் உள்ளே போய் எடுத்து வந்து, மேசையில் விரித்துக் காட்டுகிறார். வலைச் சேவையும் அப்படித்தான். உலாவியில் நாம் எழுதும் கேள்வியை வாங்கி, தரவுத்தளத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, கிடைத்த பதிலை வாசிக்கக்கூடிய பக்கமாக்கி அது அனுப்புகிறது. தரவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாக வந்தவர் அந்த இடையாள் மட்டுமே.

எனவே அந்த இடையாளின் நேர்த்தியில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. கேட்பவர் யார், அவருக்கு எதைக் காட்டலாம் என்று சரிபார்க்காத சேவையில், ஓர் இலக்கத்தை மாற்றினாலே அடுத்தவரின் வைத்திய அறிக்கையோ வங்கிக் கணக்கோ வெளிப்பட்டுவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் எல்லோருக்கும் உரியது. குடும்பத்தின் விபரம் அப்படியல்ல. அடையாள அட்டை இலக்கத்தையோ பிறந்த திகதியையோ கேட்கும் பக்கத்தில், அது எதற்காக என்று ஒருமுறை யோசித்த பின்னரே பதிய வேண்டும்.

1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் நிலையம் வலையின் மென்பொருளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஸ்பயர்ஸின் இடத்தை 2012இல் இன்ஸ்பயர் என்ற புதிய சேவை ஏற்றுக்கொண்டது.

கணனி கற்கும் நம் பெண் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கட்டளைகளை எழுதுவது பாதி வேலைதான். இந்தத் தகவல் யாருக்குத் தேவை, அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கேட்பதே மறுபாதி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் ஒரு நூலகராக இருந்தார்.