அராவினாலும் அழியாத எண்

1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, சிகாகோ கடையொன்றிலிருந்து பொய்ப் பெயருக்கு அஞ்சலில் வந்தது. விலை, அஞ்சல் செலவோடு 21 டாலர் 45 காசு. அதன் இரும்பில் சி2766 என்று ஓர் எண். அதைப் பிடித்துக்கொண்டுதான் புலனாய்வாளர்கள் கடையின் கணக்குகளைத் தேடி, ஆர்டர் எழுதிய கையெழுத்து வரை போனார்கள்.

1968இல் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. புதிய துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கட்டாயமானது. தனியாள் ஒருவர் வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கி விற்றால், நேரே அனுப்பக் கூடாது. உரிமம் பெற்ற வணிகருக்கே அனுப்ப வேண்டும். வணிகர் அந்த எண்ணையும் அனுப்பியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி, பின்னால் வந்த சட்டப்படி வாங்குபவரின் பின்னணியைச் சோதித்த பிறகே கொடுப்பார்.

சரி, அந்த எண்ணை அராவிவிட்டால்?

இங்கேதான் இரும்பு நம்மை வியக்க வைக்கிறது. எஃகு, நுண்ணிய படிகங்கள் நெருங்கிச் சேர்ந்த பொருள். எண்ணச்சை வைத்து ஓங்கி அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு விஷயம் முடிவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் படிகங்கள் நசுங்குகின்றன; அணு வரிசைகள் வழுக்கி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மேற்பரப்பை வழவழவென்று தேய்த்தாலும் அந்தச் சிக்கல் உள்ளேயே கிடக்கும். நசுங்கிய எஃகு, நசுங்காத எஃகின் வேகத்தில் அமிலத்தில் கரைவதில்லை. தடயவியலார் அந்த இடத்தை மெருகேற்றி, செம்புக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள். துடைக்கத் துடைக்க, வெறும் இரும்பில் மங்கலாக ஒரு 7 எழும்பும். பக்கத்தில் ஒரு 3. சில நேரம் சீக்கிரமே மறைந்தும் போகும். அதனால் கேமராவைத் தயாராக வைத்திருப்பார்கள். நசுங்கிய பகுதி முழுவதையும் ஆழமாக அராவிவிட்டால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது.

எண்ணச்சால் அடிப்பதைவிடச் செதுக்குவது எஃகைக் குறைவாகவே நசுக்கும், மீட்பதும் கடினம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்தில் ஆர். குப்புசாமியும் உடன் ஆய்வாளர்களும், எஃகில் செதுக்கி அழித்த எண்களையும் அமிலத்தால் மீட்கலாம் என்று 2007இல் ஆய்விதழில் காட்டினார்கள்.

இதே முறைதான் திருட்டு வண்டிகளுக்கும். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? சேசிஸ் எண்ணை விரலால் தடவிப் பாருங்கள், பதிவு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். தேய்த்த தடம் தெரிந்தால் வாங்காதீர்கள்.