துடிப்புத் தவறும் இதயமும் மருந்தாளுநரின் கடமையும்

மதுரையில் வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்தை அடுத்து, முற்காலத்தில் எர்ஸ்கின் பெயரால் வழங்கியதும், இன்று அரசு இராஜாஜி மருத்துவமனை என்று பெயர் பெற்றதும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துக் கிராமவாசிகளின் வாய்ச்சொல்லில் என்றும் ‘பெரியாஸ்பத்திரி’யாகவே நிலைத்ததுமான அந்த ஸ்தாபனத்தில் மருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறும் வயோதிகர்களில், இதயத் துடிப்பு கிரமம் தவறியவர்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கினால், அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குச் செல்லும் நாளத்தை அடைத்துப் பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும். இவ்வியாதி உடையவருக்கு அந்த அபாயம் மற்றவரைக் காட்டிலும் சுமார் 5 மடங்கு. அதைத் தடுக்கும் ஔஷதங்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை உட்கொள்ளும் முறையை முதியவருக்குப் பொறுமையாக எடுத்துரைப்பவர்தாம் அரிதாயிருக்கிறார்கள். அப்பணிக்கு மருந்தாளுநரே தகுந்தவர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் பெருகி மடிந்ததன் காரணத்தை, விஸ்கான்சின் சர்வகலாசாலையில் கார்ல் லிங்க் என்ற ரசாயன நிபுணர் ஆராயப் புகுந்ததன் பலனாகப் பிறந்தது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின். 1948-ல் எலி விஷமாக விற்பனைக்கு வந்த அப்பொருள், 1954-ல் மனிதருக்குரிய மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அவ்வினத்தைச் சேர்ந்த அசினோகூமரால் நம் நாட்டில் மிகுதியாகப் புழங்குகிறது. ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக்கட்டி, மிகுந்தால் ரத்தக்கசிவு. வயிற்றுப்போக்குக்கு விழுங்கும் மெட்ரோனிடசோல் அந்த அளவை உயர்த்திவிடும். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்யும். கொல்லை முருங்கை தழைத்ததென்று திடீரென நாள்தோறும் கீரை உண்டால் மருந்தின் சக்தி குன்றும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை, ஒரே அளவாக உண்டுவந்தால் போதும் என்ற எளிய செய்தியைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கத் தரப்படுவதும், 1785-ல் வில்லியம் விதரிங் உலகுக்கு விளக்கிய மூலிகையின் இனத்துச் செடியிலிருந்து வந்ததுமான டிகாக்ஸின், சிறுநீரகம் தளர்ந்த முதுமையில் உடலில் தங்கிப்போகும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல் ஆகிய நஞ்சின் அறிகுறிகளை, ‘வயசானால் அப்படித்தான்’ என்று குடும்பத்தார் தள்ளிவிடுகிறார்கள். துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் உடன் சேர்ந்தால் டிகாக்ஸின் அளவைக் குறைக்க வேண்டும். இருவேறு வைத்தியரின் இரு சீட்டுகளையும் ஒருங்கே பார்க்கும் மருந்தாளுநர் அதைக் கண்டு வைத்தியருக்கு அறிவிக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மருந்துகளுக்கும் நியமங்கள் உண்டு: டபிகாட்ரானை அதன் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து டப்பாவில் போட்டு வைத்தால் ஈரத்தால் கெடும், ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு உண்ண வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம், வைத்தியர் சீட்டுக்குரிய மருந்தை வழங்கும் உரிமையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே அளித்தது; 2015-ஆம் ஆண்டின் விதிமுறைகள், மருந்தின் அளவு, பக்கவிளைவு, பிற மருந்துகளோடு அதற்குள்ள விரோதம், ஒரு வேளை மறந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதை அவருடைய கடமையாக விதித்தன. 2008-ல் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு இதற்கென்றே வல்லுநரை உருவாக்குகிறது. அவ்வாறிருந்தும் அநேக கடைகளில் சம்பாஷணை விலையோடு முடிகிறது. கூட்டமும் அவசரமும் உண்மையே. ஆயினும் அவை போதிய சமாதானமாகா. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களேனும் ஆலோசனைக்கென ஒரு நாற்காலியையும் சிறிது நேரத்தையும் ஒதுக்கினால், அது மூத்தோருக்குச் செய்யும் மகத்தான உபகாரமாகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர் உண்ணும் அத்தனை மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உள்பட, சீட்டுகளோடு ஒரே பையில் எடுத்துச் சென்று மருந்தாளுநரிடம் காட்டுங்கள். அடுத்த முறை உடம்பு வலிக்கென்று கடையில் ‘செட் மாத்திரை’ கேட்குமுன், இவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.