ஆயாவுக்குப் பெயர் தெரியும், பேத்திக்கு எழுத்து தெரியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் அப்பாவும் அம்மாவும் ஷிஃப்டுக்குக் கிளம்பினால், பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் துணை ஆயாதான். நிலங்கள் மனைகளாகி வருகின்றன. பயிரையும் பறவையையும் பெயர் சொல்லிக் காட்ட மிச்சமிருப்பவரும் அவர்தான்.

நெல் வயலில் நத்தை பொறுக்கும் நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ‘ஏன் அப்படி?’ என்று பிள்ளை கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அது நத்தையைப் பிடிப்பதைப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஆயா பெயர்களைச் சொல்ல, பேத்தி கரித்துண்டால் திண்ணையில் எழுதலாம்.

சான்று விதை மூட்டையின் நீல அட்டையில் ரகத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லலாம். அட்டையைத் துடைத்துக் கொடுங்கள், விதையில் மருந்து கலந்திருக்கும். அறுவடை வரை அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் பிள்ளைகளைத் தனியே கரைக்கு அனுப்ப வேண்டாம்.