காருக்கும் உண்டு எண்ணெய்ப் பக்குவம்!

காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்பதைப் பற்றி ஒரு குடும்பத் தலைவி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நாங்கள் சிட்னிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பேசியது, அது சண்டையாகவே இருந்தாலும், இதுதான் முதல் தடவை.

என் மூத்த பிள்ளை ராத்திரி ஷிஃப்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்.8 வாங்கினான். 2005-ம் வருஷத்து வண்டி. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவருக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. காரணம் அதன் இன்ஜின். மற்ற கார்களில் இருக்கிற பிஸ்டன் இன்ஜின் இல்லை அது, ரோட்டரி இன்ஜின். அது ஒருமுறை கெட்டால் பிரித்துக் கட்டப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வண்டியின் விலையைவிட அந்தச் செலவு ஜாஸ்தி. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையன் இதே மாதிரி வண்டியைக் கடனில் வாங்கினான். ஒரு நாள்கூட பானெட்டைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் வண்டி படுத்துவிட்டது. இன்னமும் அவர்கள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது. அவனுடைய அம்மா கோயிலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க பையன் ஆயில் பார்க்கறானா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

அதனால், என்னதான் இது என்று தெரிந்துகொண்டுவிடுவோமே என்று நானும் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். ஆனாலும் சமையலறையில் புழங்குகிறவளுக்கு இது அப்படியொன்றும் புரியாத வித்தை இல்லை.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன்கள் உலக்கை மாதிரி மேலும் கீழும் இடிக்கின்றன. ரோட்டரி இன்ஜினில் இடிக்கிற வேலை இல்லை, அரைக்கிற வேலைதான். இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை போல ஒரு கூடு. அதற்குள் வயிறு பிதுங்கிய முக்கோணம் ஒன்று, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி சுவரை ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. இதற்கு ரோட்டார் என்று பெயர். ஆர்.எக்ஸ்.8-ல் இப்படி இரண்டு ரோட்டார்கள். ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பட்டையாக ஒவ்வொரு சீல் இருக்கிறது. காற்றும் நெருப்பும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்விடாமல் காப்பது இந்தப் பட்டைதான். இது தேய்ந்தால் இன்ஜினுக்குச் சக்தியே கிடையாது.

இந்த முனைப் பட்டைதான் ஆரம்பத்திலிருந்தே தலைவலி. இதைக் கண்டுபிடித்தவர் பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். முதல் மாதிரி 1957-ல் ஓடியது. என்.எஸ்.யு. கம்பெனி 1967-ல் ஆர்.ஓ.80 என்று ஒரு காரை வெளியிட்டது. மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசும் வாங்கியது. ஆனால் பட்டைகள் சீக்கிரமே தேய்ந்துபோனதில் கம்பெனிக்குப் பெயர் கெட்டுவிட்டது. ஜப்பானில் ஹிரோஷிமாவில் மாஸ்டாக்காரர்களுக்கும் இதே கதைதான். கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழ, அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்தார்களாம். கெனிச்சி யமாமோட்டோ என்ற இன்ஜினீயரின் தலைமையில் நாற்பத்தேழு பேர் கொண்ட குழு விடாமல் உழைத்து அதைச் சரி செய்தது. அதற்குப் பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற வண்டி வந்தது. 1978-ல் ஆர்.எக்ஸ்.7. 1991-ல் பிரான்சில் லெ மான் என்ற 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் ரோட்டரி வண்டிதான் முதலாவதாக வந்தது. ஆர்.எக்ஸ்.8-ஐ 2003 முதல் 2012 வரை செய்தார்கள். 2023-ல் ரோட்டரி மறுபடி வந்திருக்கிறது. ஆனால் எம்.எக்ஸ்.30 என்ற மின்சார வண்டியில் பாட்டரிக்கு மின்சாரம் தயாரித்துக் கொடுக்கிற வேலைதான் அதற்கு.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். சாதாரணக் காரில் ஆயில் அடியில் இருக்கிற தொட்டியிலேயே சுற்றிச் சுற்றி வரும். எரியக் கூடாது. குறைந்தால் இன்ஜினுக்கு ஏதோ வியாதி என்று அர்த்தம். ரோட்டரியில் அப்படி இல்லை. முனைப் பட்டைக்கு எண்ணெய்ப் பசை வேண்டுமே, அதற்காக ஒரு சின்னப் பம்பு தொட்டியிலிருந்து ஆயிலைத் துளித் துளியாக எடுத்து எரிகிற அறைக்குள்ளேயே விடுகிறது. தோசைக்கல்லைத் தேய்க்கிற மாதிரி ஒரு தடவல். தடவிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். அதனால் இந்த வண்டியில் ஆயில் குறைவதுதான் இயல்பு. ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போனால் பயப்பட வேண்டியதில்லை. குறையாமலே இருந்தால்தான் பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எரிகிற ஆயில் எதுவாக இருக்கலாம்? சண்டை தொடங்கிய இடம் இதுதான்.

"எரிஞ்சு புகையாப் போறதுக்கு எதுக்குடா ரெட்டை விலை? மினரல் ஆயிலே போதும். அமெரிக்காவில் மாஸ்டாக்காரனே ரோட்டரிக்கு சிந்தெடிக் போடாதேன்னுதான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தான்" என்பது இவருடைய கட்சி. வாஸ்தவம்தான்.

"பந்தயத்தில் ஓட்டறவங்க எல்லாம் சிந்தெடிக்தாம்ப்பா போடறாங்க. ரோட்டரிக்குன்னே ஜப்பானில் சிந்தெடிக் ஆயில் பண்ணியிருக்காங்க" என்பது பிள்ளையின் கட்சி. அதுவும் வாஸ்தவம்.

மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தது. சிந்தெடிக் என்பது ரசாயன முறையில் ஒரே சீரான மூலக்கூறுகளாகக் கட்டியது. அதிகச் சூட்டில் நீர்த்துப்போகாது, சீக்கிரம் கெடாது, குளிரிலும் உறையாமல் ஓடும். விலையும் அதற்கேற்ப. (இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று சிந்தெடிக் என்று டப்பாவில் போட்டிருப்பதில் பல, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் சேர்த்து மேலும் மேலும் சுத்தம் செய்ததுதான். நம் ஊரில் நெய் டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற மாதிரி இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.)

சிந்தெடிக் வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணம். 1970-களில் வந்த சில சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் கசிவு உண்டாக்கின. இப்போது வருகிறவற்றில் அந்தப் பயம் இல்லை. இரண்டாவது, சூட்டைத் தாங்கவே செய்த ஆயில் சுத்தமாக எரியாமல் கசடு தங்கும் என்ற சந்தேகம். இதில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சி.

ரோட்டரி வண்டிகளிலேயே கை ஊறிப்போன ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். பிள்ளையோடு நானும் போய்க் கேட்டேன். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. கசடு என்று பார்த்தால் மினரலா சிந்தெடிக்கா என்பதைவிட, அதில் கலந்திருக்கிற மருந்துதான் முக்கியமாம். இன்ஜினைச் சுத்தமாக வைக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் எல்லா ஆயிலிலும் கால்சியம், துத்தநாகம் கலந்த சரக்குகளைச் சேர்க்கிறார்கள். தொட்டியில் இருக்கும்வரை அவை நல்லது செய்யும். எரிந்தால் சாம்பலாகும். விளக்கில் எண்ணெய் எரிந்தபின் திரியில் கட்டி தட்டுமே, அது மாதிரி. அந்தச் சாம்பல் சீல்களின் காடியில் போய் அடைத்துக்கொண்டால் அவை அசையாமல் இறுகிப்போகும். ஆகையால் சாம்பல் குறைவான ஆயிலாகப் பார்த்து வாங்க வேண்டும். மினரலிலும் இப்படிக் கிடைக்கும், சிந்தெடிக்கிலும் கிடைக்கும்.

அடுத்து அவர் சொன்னது இவருடைய கட்சிக்குப் பலமாகப் போயிற்று. சிந்தெடிக்கின் பெரிய லாபமே நெடுநாள் உழைப்பதுதான். ரோட்டரியில் ஆயிலை நெடுநாள் விட்டுவைக்கவே முடியாது. கொஞ்சம் பெட்ரோல் தொட்டிக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கடித்துவிடும். அதிலும் ஆர்.எக்ஸ்.8-ல் மொத்தம் ஆறு லிட்டருக்கு மேல் ஆயில் இருந்தாலும், அடியில் திறந்து வடித்தால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர்தான் வரும். மீதி கூலர்களிலும் குழாய்களிலும் தங்கிவிடும். புளித்த மாவு பாதி இருக்கிற பாத்திரத்தில் புது மாவை ஊற்றுவது மாதிரிதான். அதனால் 5000 கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்றிவிடுங்கள் என்றார். அப்படி அடிக்கடி மாற்றுவதற்கு மினரலே தாராளம்.

"அப்போ சிந்தெடிக் யாருக்கு?" என்று பிள்ளை விடவில்லை. டர்போ வைத்த ஆர்.எக்ஸ்.7 வைத்திருப்பவர்களுக்கும் பந்தயத் திடலில் ஓட்டுகிறவர்களுக்கும் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் என்றார். ரோட்டாரின் உட்பக்கத்தைக் குளிர வைப்பதே ஆயில்தான். விடாமல் வேகமாக ஓட்டினால் ஆயில் காய்ந்து கொதிக்கும். அங்கே சிந்தெடிக் தாங்கும், மினரல் திணறும். காலேஜுக்கும் வேலைக்கும் போய் வருகிற வண்டிக்கு அந்தச் சூடு வராது. ஆயிலின் கனம் மட்டும் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும் என்றார். எங்கள் கையேட்டில் 5டபிள்யூ-30. அமெரிக்காவில் விற்ற ஆர்.எக்ஸ்.8-க்கு இன்னும் நீர்த்த 5டபிள்யூ-20. ஊருக்கு ஊர் மாறுகிறது, பாருங்கள்.

எந்த ஆயில் என்பதைவிட எவ்வளவு ஆயில் போய்ச் சேருகிறது என்பதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2009 மாடலில் மாஸ்டாவே ஒரு ரோட்டாருக்கு இரண்டாக இருந்த ஆயில் துவாரத்தை மூன்றாக்கியது. அதற்கு முந்தைய வண்டிகளில், 2004 முதல் 2008 வரையுள்ள மாடல்களுக்கு, அமெரிக்காவில் இன்ஜின் வாரண்டியை எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. நம்முடையது 2005. வாரண்டியெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆகவே மெக்கானிக் இன்னொரு வழி சொன்னார். பெட்ரோல் போடும்போதே டூ ஸ்ட்ரோக் ஆயிலையும் கொஞ்சம் டாங்கியில் கலந்துவிடுவது. எரிவதற்கென்றே செய்த ஆயில் அது, சாம்பல் மிகக் குறைவு. இருபது, இருபத்தைந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி போதும். பம்பு பாட்டுக்குப் பம்பு வேலை செய்யட்டும், இது கூடுதல் தடவல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பங்குக்குப் போவோம். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றுவார்கள். அந்த நீலப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தப் பழைய ஸ்கூட்டர் வைத்தியம்தான் இந்தப் பெரிய காருக்கும்!

வீட்டில் இந்த வண்டி வைத்திருக்கிற தாய்மார்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் செய்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிஷம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் இருந்தால் சரி. எச்சரிக்கை விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, நாம்தான் அதிகம் செய்கிற காரியம். துணி உலர்த்த இடைஞ்சலாக இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பி நாலடி பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு உடனே அணைப்போம். ரோட்டரி வண்டிக்கு இது ஆகவே ஆகாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் அதிகமாக இறங்கும். அது எரிவதற்குள் அணைத்துவிட்டால் பிளக் நனைந்து, சுவரில் இருந்த எண்ணெய்ப் பசையும் கழுவிக்கொண்டு போய்விடும். மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது. கிளப்பினால், சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகிறதென்றால் கொடியை வேறு பக்கம் கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் எங்கள் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன கனத்தில், சாம்பல் குறைவான மினரல் ஆயிலே ஊற்றினோம். மிச்சப்பட்ட காசில் ஒரு டப்பா டூ ஸ்ட்ரோக் ஆயில். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று இவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறவர் இப்போது அவர்தான். நாள், கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றியது எல்லாம் பால் கணக்கு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி, வண்டியின் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வடித்த பழைய ஆயிலை அதே டப்பாக்களில் மூடி வைத்திருக்கிறேன். கழிவு எண்ணெய் வாங்கிக்கொள்கிற கவுன்சில் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிள்ளையின் சட்டையில் பட்ட கறைக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தை அப்படியே தடவி, அரை மணி ஊறவிட்டு, வெந்நீரில் அலசினேன். முக்கால்வாசி போயிற்று.